தலைக்கம்பு

அந்த மனுவை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வெறும் வேடிக்கை பார்த்தவள் என்று நினைத்துக்கொண்டு கேட்பீர்கள்.

மணமேல்குடி தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் என் கடை. போர்டில் 'அருணா ஜெராக்ஸ்' என்று இருந்தாலும் ஊரில் எனக்குப் பெயர் மனுக்காரி. பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் குறையை என் வார்த்தையில் டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். வார்த்தை கொஞ்சம் கனமாக விழுந்தால்தான் ஆபீசர் நிமிர்ந்து பார்ப்பார் என்பது என் எண்ணம். இந்த எண்ணத்தால் எத்தனையோ பேருக்கு ரேஷன் கார்டு கிடைத்திருக்கிறது. அடைக்கலம் அண்ணனுக்குக் கிடைத்தது வேறு.

அவருக்கு ஊர் கருப்பன்குடியிருப்பு. என் கடையிலிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர், சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கரை. அங்கே கடலில் அலை கிடையாது. அரை கிலோமீட்டர் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்குப் பயமில்லாத கடல் என்று சந்தோஷப்படுவார்கள். காலுக்கடியில் என்ன கிடக்கிறது என்பது அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் செய்வது கம்புவலைத் தொழில். சவுக்குக் கம்புகளைச் சேற்றில் வரிசையாக இறக்கி, அவற்றில் வலையைச் சுற்றிக் கட்டுவார்கள். கரையோரம் மேய வரும் மீன் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. ஆடியில் கட்டினால் பங்குனி முடியும்வரை ஓரா, மடவை, நண்டு என்று ஏதாவது ஒன்று விழுந்துகொண்டிருக்கும். சித்திரை பிறந்ததும் வலையைக் கழற்றி, கம்புகளைப் பிடுங்கிக் கரையில் அடுக்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு கம்பை மட்டும் பிடுங்க மாட்டார்கள். வலையின் வாசலில் நிற்கும் கம்பு அது. தலைக்கம்பு என்று பெயர். அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். கோடை முழுக்க அது தனியாக நின்றால்தான் அந்த இடம் அந்த வீட்டுக்காரர்களுடையது. இதற்குப் பட்டா கிடையாது, ரசீது கிடையாது. கம்பு இற்றுப்போகிற மாதிரி தெரிந்தால் பக்கத்திலேயே புதுக்கம்பை இறக்கிவிட்டுத்தான் பழையதில் கை வைப்பார்கள். மாற்று நடாமல் ஒருவன் தன் கையாலேயே தலைக்கம்பைப் பிடுங்கினால், அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். அப்படி யாரும் செய்ததாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சவுக்குத் தோப்பில் பாதியை வாங்கி ரிசார்ட் கட்டினார்கள். ஓலை வேய்ந்த குடில்கள், உள்ளே ஏசி. வந்த மறுமாதமே, கடலில் கம்பு நிற்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுங்கள் என்று அண்ணனிடம் ஆள் அனுப்பினார்கள். அண்ணன் என் கடைக்கு வந்தார். அவர் சொன்னது நாலே வாக்கியம். நான் அடித்தது இரண்டு பக்கம். கம்புகள் நிற்கும் இடத்துக்குப் படம்கூடப் போட்டுக் கொடுத்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'மேற்படி கம்புகளின் முழு உரிமையும், பராமரிப்பும், அவற்றால் விளையும் சகல பொறுப்பும் தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்தையே சாரும்.'

வாசித்துக் காட்டினேன். அண்ணன் ஒரு இடத்தில்தான் நிறுத்தினார்.

"பொறுப்புன்னு எதுக்கு ஆத்தா?"

"சும்மா இருக்கட்டும்ணே. படிக்கயில கனமா இருக்கும்."

அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, அடைக்கலம் என்று கையெழுத்துப் போட்டார்.

மனு வேலை செய்தது. ஆர்டிஓ வந்து பார்த்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை கம்புகளை யாரும் தொடக்கூடாது என்று எழுதிக்கொடுத்துப் போனார். மறுநாள் அண்ணனின் சம்சாரம் பொன்னுத்தாய் மதினி ஒரு சட்டி நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். மிளகு தூக்கலாகப் போட்டு வைத்த குழம்பு. அதை இரண்டு வேளைக்கு வைத்துச் சாப்பிட்டேன். என் எழுத்தின் பெருமை எனக்கு அன்றைக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் தொந்தரவில்லை. ரிசார்ட்டில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுத்தார்கள். மதினியின் தம்பி பழனிச்சாமிக்கு வாட்ச்மேன் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அவன் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான்.

மூன்றாம் வருஷம் சித்திரை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பள்ளிக்கூடங்களுக்கு லீவு. ரிசார்ட்டில் அறை கிடைக்காத அளவுக்குக் கூட்டம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நீலநிற பிளாஸ்டிக் மிதவை ஒன்றைக் கட்டிவைத்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறித் தண்ணீரில் குதிக்கலாம். மிதவைக்கு நாலடி தள்ளித்தான் அண்ணனுடைய தலைக்கம்பு. போட்டோவில் கம்பு விழுகிறது என்று கல்யாண ஜோடி ஒன்று குறைப்பட்டுக்கொண்டதாம். ஆட்கள், கடல் உள்வாங்கும் வத்தத் தண்ணீரில் இறங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஆள் உயரத்துக்குச் சேற்றில் இறங்கியிருக்கும் கம்பு அசையவில்லை. கடைசியில் மெஷின் ரம்பம் கொண்டுவந்து, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுத்துவிட்டார்கள். கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பழனிச்சாமி. பிறகு அவனே அக்காவிடம் வாய்தவறிச் சொன்னது இது.

அந்த வாரம் அண்ணன் வீட்டில் தீட்டு. பங்காளி ஒருவர் இறந்து ஒன்பதாம் நாள். கருமாதி முடிகிற பதினாறாம் நாள்வரை கடலில் இறங்கிக் கம்பு நடக்கூடாது. அண்ணன் கரையில் நின்று பார்த்தார். சிவப்புத் துணியைக் காணோம். விஷயம் புரிந்துவிட்டது. நேரே ரிசார்ட் வாசலுக்குப் போய் மேனேஜரிடம், தண்ணிக்குள்ள மொட்டக்கம்பு நிக்குது, பதினாறு கழிஞ்சதும் நான் வந்து வேற நட்டுர்றேன், அதுவரைக்கும் அந்த எடத்துல ஒரு அடையாளமாச்சும் கட்டி வைங்க என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் சரி சரி என்றாராம். பக்கத்தில் பழனிச்சாமியும் நின்றிருக்கிறான்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அது நடந்தது.

மதினி கரையில் காரல் மீனைக் காயப்போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். மிதவைப் பக்கமிருந்து ஒரு பெண் கத்தும் சத்தம். ரிசார்ட் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் பனையடியில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தவர், ஊசியைப் போட்டுவிட்டு ஓடினார். தண்ணீருக்குள் நெஞ்சளவில் ஒரு சிறுமி. குதித்த வேகத்தில் அறுத்த கம்பின் விளிம்பு கால்சதையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே எலும்புவரை ஏறியிருந்தது. வருஷக்கணக்காகத் தண்ணீரில் நின்ற கம்பு. பட்டை முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றும் பிளேடு. அண்ணன் கீழே முங்கி, காலை விடுவித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். கட்டியிருந்த கைலியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

பிள்ளையின் பெயர் வைஷ்ணவி, பத்து வயது. கீரனூர். அப்பா வசந்தகுமார் தினமும் பஸ் ஏறித் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர். வருஷத்துக்கு ஒருமுறையாவது குடும்பத்தை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்து, பக்கத்திலேயே கடல் இருக்கிறதே என்று வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் பழனிச்சாமி சாப்பிட வந்தபோது சொன்னான். காயம் சீழ் வைத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மதினி சோற்றுக் கரண்டியை அப்படியே பானையில் விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"புள்ள ரத்தம் பட்ட கம்பு. அது நம்ம கம்புன்னு சொல்லிக்கிட்டு இனி நிக்கக்கூடாது. போயி எடுத்துட்டு வாங்க."

"தீட்டு இருக்குல்ல."

"தீட்டு கெடக்கு. அந்தக் கம்பு நிக்கிற தண்ணியில இன்னொரு நா விடியக்கூடாது."

அன்றைக்கு வத்தம் பார்த்து இருவரும் இறங்கினார்கள். கயிறு போட்டு, ஆட்டி ஆட்டி, சேற்றைக் கையால் தோண்டி, இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி அதைப் பிடுங்கினார்கள். கரையில் பனையோலையும் உடைமுள்ளும் குவித்து, நனைந்த கட்டையை மேலே போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். எரியவே மாட்டேன் என்று அடம்பிடித்து, புகைந்து புகைந்து, சாயங்காலம்வரை ஆனதாம். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத் தலைமுழுகி வீட்டுக்குப் போனார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ரிசார்ட் ஆபீஸ் மாடியில் நின்று மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நாலாம் நாள் சப் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் தேடி வந்த கம்பு இருந்த இடத்தில் குழிகூட இல்லை, சேறு மூடிவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது ஒரு வாரம் கழித்து. அண்ணன் என் கடைக்கு வந்து, போலீசார் கொடுத்த காகிதத்தை நீட்டினார். நான் படித்துவிட்டுக் கம்பு எங்கே என்று கேட்டேன். கொளுத்திட்டோம் என்றார். அறுத்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நம்ம வெட்டுனா அருவா வெட்டு ஆத்தா, சாஞ்சு நிக்கும். இது வட்டமா, தட்டு மாதிரி சமமா இருந்துச்சு. மிசின் போட்டு அறுத்திருக்காங்க."

"போட்டோ எடுத்தீங்களாண்ணே?"

"அத எதுக்கு ஆத்தா போட்டா புடிப்பாக?"

நான் என் ஜெராக்ஸ் மெஷின்மேல் கை வைத்து நின்றுவிட்டேன். நாள் முழுக்க ஊர்க்காரர்களின் காகிதங்களுக்கெல்லாம் நகல் எடுக்கிறேன். அண்ணனையும் மதினியையும் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஒரு பொருளுக்கு நகல் இல்லை. ஒரு பொடிசு பிள்ளைக்காக அழுது, அதற்குரிய மரியாதையாக நினைத்து, தங்கள் சாட்சியைத் தாங்களே எரித்திருந்தார்கள். போலீஸ் காகிதத்தில் அதற்குத் தடயத்தை அழித்தல் என்று பெயர்.

வசந்தகுமார் ரிசார்ட்மேல் நஷ்டஈடு கேட்டுப் புதுக்கோட்டை கோர்ட்டில் வழக்குப் போட்டார். ரிசார்ட்காரர்கள் இரண்டு காகிதங்களைத் தூக்கிக் காட்டினார்கள். ஒன்று, அறைக்கு வந்த அன்று வசந்தகுமார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆங்கில ஃபாரம். கடலில் இறங்கி ஏதாவது ஆனால் அதற்கு வந்து தங்குபவர்களே பொறுப்பு என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. பஸ்ஸில் வந்த களைப்பில், பிள்ளை தண்ணீருக்குப் போகலாம் என்று கையை இழுக்க, அவர் அதைப் படிக்கவில்லை. இன்னொன்று, நான் எழுதிய மனு. சகல பொறுப்பும் எங்கள் குடும்பத்தையே சாரும் என்ற வரியின் கீழே யாரோ மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். காலை இழந்தவர்கள் பக்கமும் கம்பை இழந்தவர்கள் பக்கமும் கையெழுத்து இருந்தது. கையெழுத்தே போடாதவர்கள் ரிசார்ட்காரர்கள் மட்டும்தான். அண்ணனை இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்துவிட்டார்கள்.

அறந்தாங்கியில் ரகுநாத் என்று ஒரு வக்கீல். எனக்குப் பழக்கம். நான்தான் அண்ணனையும் மதினியையும் கூட்டிப்போனேன். அவர் மனுவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"ஒரே வழிதான் இருக்கு. அது என் கம்பு இல்லன்னு சொல்லிருங்க. மனு கொடுத்தது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. அதுக்கப்பறம் அந்த எடத்த விட்டுட்டோம், அங்க நின்னது யாரு கம்புன்னு தெரியாதுன்னு சொல்லுங்க. கம்பும் இப்ப இல்ல. ஒங்க கம்புதான்னு அவங்களால நிரூபிக்க முடியாது."

"நான் புடுங்குனத மேனேஜரு பாத்தாருங்களே."

"ஏதோ ஆபத்தான கட்டை கெடந்துச்சு, அடுத்த புள்ளைக்கு அடிபடக்கூடாதுன்னு எடுத்துப் போட்டேன்னு சொல்லுங்க. நல்ல காரியம்தான அது."

மதினி அதுவரை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்பறம் அந்தப் புள்ளைக்கு யாரு சார் பதில் சொல்லுவா?"

யாருமில்லை என்றார் வக்கீல். எங்கிருந்தோ மிதந்து வந்த கட்டை என்று ரிசார்ட் சொல்லும், அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார், கடல் அரசாங்கத்தினுடையது. வெட்டியதைப் பார்த்த ஒருவன் வந்து சொன்னால் கதை மாறும். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அண்ணனும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். வக்கீல் கொடுத்த காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போனவளை மதினி சாப்பிட உட்கார வைத்துவிட்டார். காரல் குழம்பு, முருங்கைக்கீரை. அண்ணன் தோப்புப் பக்கம் போயிருந்தார். பழனிச்சாமி வழக்கம்போல வந்து, கை கழுவி, உட்கார்ந்தான். மதினி அவன் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்தார்.

"அறுக்கயில நீதான கம்பப் புடிச்ச."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"கோர்ட்ல வந்து சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். அறுத்தாக, நான் புடிச்சேன், அவ்வளவுதான்."

"அக்கா, அந்த வேலையும் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன். எனக்குக் கடலும் பழக்கமில்ல."

"மாமா ஜெயிலுக்குப் போனா பரவால்லையா?"

"போக மாட்டாருக்கா. மேனேஜரு சொன்னாரு. கம்பு எங்களுது இல்ல, எடத்துல உரிமை இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டா, மாமா பேர எடுத்துர்றோம்னாரு."

ரிசார்ட்காரர்கள் ஆரம்பத்திலிருந்து கேட்டது இதைத்தான். அந்தப் பிள்ளையின் கால் போய், இவ்வளவு நடந்து, அவர்கள் கேட்டது அவர்களுக்கே கிடைக்கப் போகிறது. எனக்கு வாய்வரை வந்தது. சாப்பிடுகிற இடத்தில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை மதினி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை சோறுகூடப் போட்டார். அவன் எழுந்து கை கழுவியதும் சொன்னார்.

"சாப்புட வா தம்பி. வராம இருக்காத. ஆனா மாமா வீட்ல இருக்கயில வராத."

அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்து போனான். மதினி அவன் தட்டைத் தேய்க்கக் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடிகாலை பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, புதுக்கோட்டையில் இறங்கி, தள்ளி வைத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்புவார்கள். ஆடியில் மற்றவர்கள் கம்பு நட்டபோது அண்ணன் நடவில்லை. பிடுங்கியவன் திரும்ப நடக்கூடாது, அதுவும் வழக்கம். அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். அவருடைய இடத்தில் ரிசார்ட்காரர்கள் ஆரஞ்சு மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டி, குளிக்கும் எல்லை என்று போர்டு வைத்தார்கள்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. முதல் நாள் என் கடையிலேயே உட்கார வைத்து அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். என் கம்பு இல்லீங்க, எடத்த முன்னாடியே விட்டுட்டோம். இரண்டே வாக்கியம். அவர் இரண்டையும் திருப்பிச் சொன்னார். சரியாகச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவருக்காக மட்டுமில்லை. என் வரியை அவர் வாயாலேயே அழித்துவிட்டால் நான் தூங்கலாம் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுதான் உண்மை.

கோர்ட் வராந்தாவில் காத்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில் வசந்தகுமாரும் மனைவியும், நடுவில் அந்தப் பெண். பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, வளர்ந்திருந்தாள். பாவாடைக்குக் கீழே ஒரு பக்கம் ஷூ போட்ட கட்டைக்கால். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவள் அண்ணனையே பார்த்தாள். பிறகு எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். அவளுடைய அப்பா கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை.

"நீங்கதான என்னையத் தூக்கிட்டு ஓடியாந்தீங்க?"

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆமா தாயி."

"ஒங்க தோள்ல மீன் வாசம் அடிச்சுச்சு. அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் கையிலிருந்த பாக்கெட்டை நீட்டினாள். அண்ணன் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டபோதும் அது கையில்தான் இருந்தது.

பழனிச்சாமியை முதலில் ஏற்றினார்கள். கம்பு அறுத்ததைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். தெரியாதுங்க என்றான். அடைக்கலம் வந்து எச்சரித்தது தெரியுமா என்றார்கள். அதற்கும் தெரியாதுங்க. இறங்கும்போது அக்கா இருந்த பக்கம் பார்க்காமல் வேறு வாசல் வழியாகப் போனான்.

அடுத்து அண்ணன். அந்தக் கம்பு உங்களுடையதா என்று கேட்டார் ரிசார்ட் வக்கீல். நான் மனதுக்குள் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

"எங்க கம்புதாங்க" என்றார் அண்ணன்.

ரகுநாத் சார் பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு எதிர் வக்கீலுக்கு வேலை சுலபமாகிவிட்டது. மொட்டையாக நின்றது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியுங்க. யார் வெட்டியது, அவங்கதாங்க. பார்த்தீர்களா, பாக்கலைங்க. நிரூபிக்க ஏதாவது இருக்கிறதா, இல்லைங்க. தெரிந்தும் ஏன் வேறு கம்பு நட்டு அடையாளம் வைக்கவில்லை என்று கேட்டார். தீட்டு என்று அண்ணன் விளக்கினார். நீதிபதி குறித்துக்கொண்டார். வக்கீல் விடவில்லை. விபத்துக்குப் பிறகு அதைப் பிடுங்கினீர்களே, அன்றைக்குப் பதினாறாம் நாள் முடிந்திருந்ததா என்றார்.

அண்ணன் நீதிபதியின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"முடியலங்க. பதினஞ்சாம் நா. புடுங்கறதுக்குத் தீட்டுப் பாக்கல. நடுறதுக்குத்தான் பாத்தேன். அன்னைக்கே தீட்டப் பாக்காம எறங்கி ஒரு கம்ப நட்டிருந்தா, அந்தப் புள்ளைக்குக் காலு இருந்திருக்குங்க."

பின்பெஞ்சில் வசந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழுதேன். கோர்ட்டில் அழுதால் வெளியே அனுப்புவார்கள் என்று பயந்து, முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதேன்.

இந்தப் பங்குனியில் தீர்ப்பு வந்தது. காவலுக்கு ஆள் வைக்காததற்கு ரிசார்ட்மேல் ஒரு சிறு பங்கு. கம்பை வைத்தவர், ஆபத்து என்று தெரிந்தும் சும்மா இருந்தவர், அதைத் தானே ஒப்புக்கொண்டவர் என்பதால் பெரும்பங்கு இரண்டாம் பிரதிவாதிமேல். தடயத்தை அழித்ததாகப் போலீஸ் போட்ட கேஸ் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. ரிசார்ட்காரர்கள் தங்கள் பங்கை அந்த வாரமே கட்டிவிட்டு, கோடைக்குப் புது மிதவை வாங்கினார்கள். அண்ணனிடம் வாங்க என்ன இருக்கிறது என்பது வசந்தகுமாருக்குத் தெரியும். ஒருநாள் என் கடைக்கு வந்து தீர்ப்பின் நகலை ஜெராக்ஸ் எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியைக் கேட்டார், சொன்னேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அவரு பொய் சொல்லிருந்தா எனக்கு லேசா இருந்திருக்குங்க. ஒரு ஆளத் திட்டிக்கிட்டே மிச்ச நாள ஓட்டிருப்பேன். இப்ப யாரத் திட்டுறது?"

என்னைத் திட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தோப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கீரனூர் போக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். வசூலுக்கு மனுப் போடவில்லை. இன்றுவரை போடவில்லை.

இந்த வைகாசியில் ஒரு காலை, என் கடை விலாசத்துக்கு அண்ணன் பெயரில் வந்திருந்த தபாலைக் கொடுக்கக் கருப்பன்குடியிருப்புக்குப் போனேன். வீட்டில் ஆள் இல்லை. கரையில் மதினி ஒரு சாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிசார்ட்டுக்கு நேரே, ஆரஞ்சு மிதவைகளுக்கு உள்ளே, அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். மெதுவாக, காலைத் தூக்காமல், பாதத்தைச் சேற்றிலேயே இழுத்து இழுத்து நடந்தார். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய், ஒரு எட்டு தள்ளித் திரும்பி வந்தார். வயலில் உழுகிறவன்கூட அவ்வளவு நெருக்கமாகச் சால் போட மாட்டான். நடுவில் நின்று, முங்கி, எதையோ எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். உடைந்த பாட்டில். மதினி அதைச் சாக்கில் போட்டார். உள்ளே சிப்பி ஒட்டிய கட்டைத்துண்டு, துருப்பிடித்த கொக்கி, கருங்கல் எல்லாம் கிடந்தன.

லீவு விட்ட நாளிலிருந்து தினமும் இப்படித்தான் என்றார் மதினி. முதல் இரண்டு நாள் மேனேஜர் ஆள் அனுப்பி விரட்டினாராம். இப்போது வாட்ச்மேன் கேட்டருகில் நின்றபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அது பழனிச்சாமிதான்.

அண்ணன் தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றார். உள்ளங்காலில் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

"இந்த எடம் இப்ப ஒங்களுது இல்லண்ணே. ஒங்கள யாரு இதச் செய்யச் சொன்னா?"

"நீதான ஆத்தா எழுதுன, பொறுப்பு நம்மளுதுன்னு" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. எழுதியிருப்பதைப் படித்துச் சொல்கிற குரலில்தான் சொன்னார். "எடம்தான் போச்சு. அது போகலைல்ல."

சொல்லிவிட்டு மறுபடி இறங்கி, விட்ட வரிசையிலிருந்து தொடங்கினார். நான் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வெயில் ஏறியது. ரிசார்ட் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது, பிள்ளைகள் இறங்கிக் கடலைப் பார்த்துக் கத்தும் சத்தம் கேட்டது. அண்ணன் கடைசி வரிசையை முடித்துவிட்டுக் கரையேறினார். மதினி சாக்கின் வாயைக் கட்டினார். பிள்ளைகள் தண்ணீரை நோக்கி ஓடிவர, இருவரும் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.